தோலில் பெயர் எழுதுகிறவர்

மார்கழி பிறந்துவிட்டால் என் சித்தப்பாவுக்குக் கை ஓயாது. திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சாக்கடை மூடியின் மேல் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அதே இடம். ஆண்டு முழுக்கச் செருப்புக்கு வார் மாற்றுவது, பள்ளிப் பைக்கு ஜிப் வைப்பது என்று போகும். தைப் பொங்கலுக்கு முந்தைய ஐந்தாறு வாரம் மட்டும் வேறு வேலை. காளைக் கழுத்துக்கு மணி கோத்த தோல்பட்டை கேட்டுச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். பட்டை மட்டும் போதாது, அதில் பெயர் இருக்க வேண்டும். காளையின் பெயர் அல்ல. காளையை வளர்ப்பவரின் பெயர், ஊர், கடைசியில் சாதிப் பட்டம். அந்தக் கடைசிச் சொல்தான் அவர்களுக்கு முக்கியம். மற்ற எழுத்துகளைவிட அது ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட இரண்டு வண்ணங்களில் இருக்க வேண்டும். எந்த இரண்டு வண்ணம் என்று நான் எழுதத் தேவையில்லை. தென்மாவட்டங்களில் ஊர் எல்லைக் கொடிக்கம்பங்களைப் பார்த்திருக்கும் எவருக்கும் தெரியும்.

தோலில் எழுத்து அடிப்பதையும் அதற்கு வண்ணம் தீட்டுவதையும் பற்றி இந்தப் பத்தியில் என்ன பேச இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அதற்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவை அந்தத் தெருவில் எல்லோரும் ‘செருப்புத் தைக்கிறவர்’ என்றுதான் சொல்கிறார்கள். மரியாதை இல்லாதவர்கள் வேறு சொல்லில் சொல்கிறார்கள்.

எல்லாத் தோலும் எழுத்தை வாங்காது. இன்று கடைகளில் கிடைக்கும் ஷூ, கைப்பை எல்லாம் பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். அதில் அச்சை வைத்து அடித்தால் பள்ளம் விழும். கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி எழும்பி மட்டமாகிவிடும். சூடேற்றிய அச்சு வைத்து அழுத்தினால்தான் அதில் ஏதாவது நிற்கும். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் இவற்றில் ஊறிப் பதமான தோல் அப்படி அல்ல. நனைத்தால் களிமண்போல இளகும், காய்ந்தபின் வாங்கிய பள்ளத்தை விடாது. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய ‘கிழக்கிந்தியத் தோல்’ இந்தப் பட்டைத் தோல்தான். திண்டுக்கல்லின் தோல் தொழிற்கூடங்களுக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது நல்ல பட்டைத் தோல் கிடைப்பதற்கே சித்தப்பா அலைய வேண்டியிருக்கிறது.

தோலை ஸ்பாஞ்சால் நனைத்தால் முதலில் கறுக்கும். பிறகு மேல்பரப்பு மட்டும் மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பும். உள்ளே ஈரம் இருக்கும். அடிப்பதற்கு அதுதான் நேரம். முன்னாலே அடித்தால் எழுத்து சொதசொதவென்று கரை கலங்கிவிடும், பின்னாலே அடித்தால் ஆழம் விழாது. நேரம் வந்ததா என்பதைச் சித்தப்பா பட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வார். குளிர்ச்சி இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அடியில் கவிழ்த்துப் போட்ட அம்மிக்கல். அடிப்பது கொட்டாப்புளியால், இரும்புச் சுத்தியல் பட்டால் பித்தளை அச்சின் தலை சிதைந்துபோகும். ஒரு எழுத்துக்கு ஒரே அடி. சரியாக விழவில்லையே என்று இன்னொன்று போட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அப்புறம் அந்தப் பட்டை நாய்க் கழுத்துப் பட்டைக்குத்தான் ஆகும், அதுவும் திருப்பித் தைத்தால்.

அடித்த பட்டை ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும், நிழலில்தான். மறுநாள் பள்ளத்துக்குள் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு. இது இல்லாவிட்டால் வண்ணம் தோலின் ரோமக்கண்கள் வழியாக ஊறிப் பரவி எழுத்துக்கு மீசை முளைத்த மாதிரி ஆகிவிடும். முன்பெல்லாம் எனாமல் பெயிண்ட்தான் பயன்படுத்தினார். காளை கழுத்தை உதறுகிற உதறலில் அது மூன்றே நாளில் வெடித்து உதிர்ந்தது. இப்போது அக்ரிலிக், தோலோடு சேர்ந்து வளைகிறது. சைபர் நம்பர் பிரஷ்ஷின் நுனியைப் பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், வண்ணம் தானாக ஓடி மூலைகளைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் தள்ளினால் கரை தாண்டும். தாண்டியதைத் துடைக்க ஒரு சின்ன மரத்துண்டில் துணியைச் சுற்றி வைத்திருக்கிறார். விரலால் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி உள்ளே இருப்பதையும் எடுத்துவிடுமாம்.

கடைசியில் அவுட்லைன். இதற்காகத்தான் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வெளிப்பக்கமாகக் கறுப்பில் ஒரு கோடு. கோட்டின் தடிமன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாறக் கூடாது. வளைவு வந்தால் கையைத் திருப்பக் கூடாது, பட்டையைத் திருப்ப வேண்டும். ‘ண’ வந்தால் அவர் மூச்சை அடக்கிக்கொள்வதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று சுழி, ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகளவு தோல் வண்ணம் படாமல் நிற்க வேண்டும். கோடு முடிந்ததும் எழுத்து தோலைவிட்டு எழுந்து நிற்பதுபோல இருக்கும். வாடிவாசலுக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்கும் படிக்கத் தெரியும்.

சித்தப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அச்சின் முகத்தில் எழுத்து இடவலமாக மாறித்தானே இருக்கும். அதை அவர் நேரெழுத்தைவிட வேகமாகப் படிப்பார். ஆங்கில அச்சு இருபத்தாறு எழுத்தும் ஒரு பெட்டியில் கடையில் கிடைக்கும். தமிழுக்கு அப்படி ஒரு பெட்டியை நான் எங்கும் பார்க்கவில்லை. அவரிடம் இருப்பது, என் தாத்தா காலத்தில் இந்த ஊர்ப் பூட்டுப் பட்டறையில் ஓர் ஆசாரி பித்தளையில் வெட்டிக் கொடுத்தது. கால் தனி, கொம்பு தனி, கொக்கி தனி. இவற்றைச் சேர்த்துச் சேர்த்து உயிர்மெய்யை ஒப்பேற்றுவார். உகர, ஊகார எழுத்துகளுக்குத் தனித்தனி அச்சு வேண்டும், பாதி இல்லை. இல்லாததைக் கத்தி முனையால் கீறிக்கொள்வார். ‘லை’ மட்டும் பழைய தும்பிக்கை போட்ட ‘லை’. 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது அந்தத் தும்பிக்கை போய்விட்டது. சித்தப்பாவின் பெட்டிக்கு அரசாணை வந்து சேரவில்லை. இளவட்டங்கள் ‘இது என்ன எழுத்து, தப்பா இருக்கே’ என்று கேட்பதால் இப்போதெல்லாம் லகரத்துக்கு முன் இணைக்கொம்பைத் தனியாக அடிக்கிறார்.

வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, தமிழிலேயே முதுகலை முடித்தவன் நான். எங்கள் சனத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான். எழுதுவது என்ற சொல்லுக்கு வண்ணம் தீட்டுவது என்றும் பொருள் உண்டு என்பதை வகுப்பில் ஆசிரியர் விளக்கியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஓவியம் எழுதுவார்கள், கண்ணுக்கு மை எழுதுவார்கள். எங்கள் வீட்டில் பட்டைக்குப் பெயர் எழுதுவார்கள். அதே வகுப்பில்தான் புறநானூற்றின் 82ஆம் பாட்டும் நடத்தப்பட்டது. சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவனின் கையில் ஊசி எவ்வளவு விரைவாகப் போகுமோ அவ்வளவு விரைவாக நடந்தது போர் என்று சோழன் ஒருவனின் வீரத்தைச் சொல்கிறது பாட்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர் அந்தக் கையின் வேகத்தைக் கவனித்திருக்கிறார். மன்னனின் வீரத்துக்கு உவமையாக்கும் அளவுக்கு வியந்திருக்கிறார். ஆனால் அந்தக் கைக்குரியவனை அவர் அழைத்த சொல் ‘இழிசினன்’. அன்று அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை என்று உரைக்காரர்களும் பேராசிரியர்களும் எத்தனையோ சமாதானம் சொல்லக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது முன்வரிசையில் இருவர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு உரை தேவைப்படவில்லை.

வேலையைப் பாராட்டுவதும் ஆளைத் தள்ளி நிறுத்துவதும் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றாகவே நடக்கின்றன. பட்டையை வாங்க வருகிறவர் ‘கை வேலைன்னா உன் வேலைதான்ப்பா’ என்று சொல்லிக்கொண்டே பணத்தைப் பலகையில் வைப்பார், கையில் கொடுக்க மாட்டார். அவர் ஊரில் பொங்கலன்று காளையைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, அந்தப் பட்டையைக் கட்டிக் கோயிலுக்கு ஓட்டிப் போவார்கள். பூசாரி காளைக்குத் திருநீறு பூசி, பட்டைக்கும் சந்தனம் வைப்பார். நாங்கள் அடித்த தோலும் நாங்கள் எழுதிய எழுத்தும் சந்நிதிவரை போகும். ஒரு வருடம் மணி கழன்றுவிட்டது என்று சித்தப்பாவை அவசரமாக வரச் சொன்னார்கள். காளை கோயிலுக்குள் நின்றது. சித்தப்பாவை வெளியே நிறுத்திவிட்டுக் காளையை வெளியே ஓட்டி வந்தார்கள். அது முரட்டுக் காளை, இரண்டு பேரை இழுத்துத் தள்ளியது. அவர் ஐந்தடி உள்ளே போயிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

இதெல்லாம் பழைய கதை, கேட்டுப் பழகியது. எனக்கு இப்போது சொல்ல வேண்டியிருப்பது கயிற்றைப் பற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளஸ் டூ மாணவன் வந்து மணிக்கட்டுக்குத் தோல்பட்டை கேட்டான். நூல் கயிறு சீக்கிரம் அறுந்துவிடுகிறதாம், அதே வண்ணத்தில் அதே சொல்லைத் தோலில் போட்டுத் தர முடியுமா என்றான். எழுத்துக்குப் பத்து ரூபாய். சித்தப்பா போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் அவன் நண்பர்கள் பதினொரு பேர் வந்தார்கள். அதற்கும் அடுத்த மாதம், பதினொன்றாம் வகுப்பில் இருந்த என் தம்பி, சித்தப்பா மகன், ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். பெஞ்சில் முன்னால் உட்காரக் கூடாது என்று நாலு பேர் எழுப்பியிருக்கிறார்கள். எழுப்பியவன் கையில் ‘நீ போட்டதுதான்ப்பா இருந்துச்சு’ என்றான். சித்தப்பா நம்பவில்லை. மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் ரோட்டுக்கு எதிரில் நின்று பார்த்திருக்கிறார். தூரத்திலேயே அவுட்லைன் தெரிந்தது. அவர் கோடு அவருக்குத் தெரியாதா?

மணிக்கட்டுப் பட்டை போடுவதை அன்றோடு நிறுத்தினார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை, சின்ன அச்சு தொலைந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தார். அந்தத் தை மாதம் காளைக்குப் பட்டை வாங்க வந்த ஒருவர், ‘மாட்டுக்குப் போடுவ, எங்க பிள்ளைகளுக்குப் போட மாட்டியா?’ என்று கேட்டார். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்த வருடம் அந்தப் பக்கத்து ஊர்கள் எதிலிருந்தும் ஒரு பட்டைகூடக் கேட்டு வரவில்லை. மணிக்கட்டுப் பட்டை மட்டும் நின்றுவிட்டதா என்றால் இல்லை. லேசர் எந்திரத்தில் எரித்து எழுதித் தருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஆகிவிடுகிறது. விளிம்பு கருகி, வண்ணம் நிற்காமல், பார்க்கவே நன்றாயில்லை என்பது சித்தப்பாவின் தொழில்முறை அபிப்பிராயம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமா சந்தோஷமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதை இயக்கத் தோழர்கள் சிலரிடம் சொன்னபோது, ‘முதலிலேயே ஏன் போட்டுக் கொடுத்தார்?’ என்று கேட்டார்கள். காளைப் பட்டையையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. ஒரு சாதிச் சங்க மாநாட்டுக்கு நகரம் முழுக்க ஃபிளெக்ஸ் அடிக்கிறார்களே, அந்த அச்சகத்தின் முதலாளியை யாராவது இப்படிக் கேட்டதுண்டா? வண்டியின் பின்கண்ணாடியில் பட்டம் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் கடைக்காரரை? சமூகத்தின் மனச்சாட்சி எப்போதும் சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்திருப்பவரிடம்தான் முதலில் கணக்குக் கேட்கிறது. அவர் தன் மகனுக்காக ஒரு வருமானத்தை விட்டார். அதற்குமேல் அவரிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

கேட்க வேண்டிய இடம் வேறு. 2019இல் பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அது செயலுக்கு வராமலே நின்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் எதையும் மாணவர்கள் அணியக் கூடாது என்பது அதில் உள்ள பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கை வந்ததும் அதை எதிர்த்துப் பேசியவர்கள் எல்லாம் பக்தியைப் பற்றிப் பேசினார்களே தவிர, பெஞ்சிலிருந்து எழுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனை தலைமையாசிரியர்கள் காலை இறைவணக்கத்தில் மாணவர்களின் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள்? பார்க்கிற ஓரிருவருக்கு மறுநாளே ஊர்ப் பெரியவர்களின் வருகை உண்டு. அப்போது அந்தத் தலைமையாசிரியருக்குப் பின்னால் கல்வி அலுவலரும் வருவாய்த் துறையும் காவல்துறையும் நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்கும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும், மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தோடு.

இன்னொரு விஷயம் தொழிலைப் பற்றியது. எங்கள் இளைஞர்களில் பலர், தோலைத் தொடுவதையே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். செத்த மாட்டைத் தூக்குவதை விடுங்கள் என்று தம் மக்களிடம் சொன்னவரும் அவரே. என் தம்பி ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். பித்தளை அச்சுப் பெட்டியை அவன் தொடுவதில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சித்தப்பாவின் கையில் இருப்பதைச் சாதித்தொழில் என்ற ஒரே சொல்லில் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அது எழுத்துக்கலை. சென்னையிலும் பெங்களூருவிலும் குளிர்சாதன அறையில் ஒரு நாள் பயிற்சியாக இதே வேலையைச் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில். அங்கே சொல்லித் தருகிறவருக்குப் பெயர் ஆர்ட்டிஸ்ட்.

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழில் என்ற பேச்சோடு வந்தது. தமிழக அரசு அதை அப்படியே ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகச் சாதிப் பாகுபாடு இல்லாமல் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. இருபத்தைந்து தொழில்கள், மூன்று லட்சம் ரூபாய்வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். கொள்கை அளவில் இது நல்ல வேறுபாடு, பாராட்டுகிறேன். சித்தப்பாவை அழைத்துக்கொண்டு விண்ணப்பிக்கப் போனேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தோலில் எழுத்து வேலை’ என்று எழுதச் சொன்னார் சித்தப்பா. எதிரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, ‘அப்படி ஒண்ணு இல்லையே, செருப்புத் தைக்கிறதுன்னே போட்டுக்குவோம்’ என்று அடித்து எழுதினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு இருந்த கட்டங்களில் இது அடங்கவில்லை. பிறகு வங்கியில் கடை முகவரி கேட்டார்கள். சாக்கடை மூடிக்கு ஏது கதவு எண்?

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. நடைபாதையில் இருக்கும் தோல் கைவினைஞர்களுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கடையும் அதற்கு ஒரு கதவு எண்ணும். பள்ளி விளையாட்டு விழாவில் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதில் தோலில் பெயர் பொறித்த பரிசுப் பட்டைகள். வீரன் பெயர், பள்ளி பெயர், ஆண்டு, அவ்வளவே. அப்புறம் ஒரு முழுமையான தமிழ் அச்சுப் பெட்டி. கணினிக்கு எழுத்துரு உருவாக்கப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறோம். அடையாற்றில் தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948இலிருந்து மத்திய நிறுவனம் இருக்கிறது. பித்தளையை மயிரிழை பிசகாமல் வெட்டத் தெரிந்தவர்கள் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை குறைந்துவிட்டது. கால், கொம்பு, உகர ஊகாரம் எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் துண்டுகள் ஆகும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தொழிற்பயிற்சி நிலையத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சித்தப்பா சொல்லித் தரட்டும். பட்டையைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்க்க எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும்.

போன ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் பறைக்குத் தோள்பட்டை கேட்டார்கள். ‘ஜெய் பீம்’ என்று நீலத்தில் வேண்டும் என்றார்கள். சித்தப்பா இதுவரை நீலத்தில் எழுதியதே இல்லை, யாரும் கேட்டதில்லை. முதல் பட்டையில் நீலம் தோலின் பழுப்போடு சேர்ந்து அழுக்குப் பச்சையாக நின்றது. அடியில் வெள்ளை ஒரு பூச்சுக் கொடுத்து, காயவிட்டு, அதன்மேல் நீலம் வைத்தால்தான் எழும்பும் என்று இரண்டு பட்டை வீணானபின் கண்டுபிடித்தார். அவுட்லைனைக் கறுப்பில் போடாமல் வெள்ளையில் போட்டார். எட்டுப் பட்டை. நம்ம பிள்ளைகளாச்சே, பெயிண்ட் காசு மட்டும் வாங்கிக்கச் சொல்லு என்றேன். முறைத்தார். எழுத்துக்குப் பத்து ரூபாய், வெள்ளைப் பூச்சுக்குத் தனியாக ஐந்து.